காட்டுக்குள் ஒரு பங்காளிச் சண்டை

சிங்கம் சிவிங்கிப்புலியின் குட்டிகளைக் கொல்லும். ஆனால் பெரும்பாலும் தின்னாது. புல் மறைவில் கிடக்கும் நாலைந்து குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்விக் கடித்துப் போட்டுவிட்டுத் தன் வழியே போய்விடும். தாய் சற்றுத் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருக்கும். நாற்பது கிலோ உடம்பை வைத்துக்கொண்டு நூற்றிருபது கிலோ பெண்சிங்கத்தை அதனால் என்ன செய்துவிட முடியும்? சிங்கம் கண்ணைவிட்டு மறைந்த பிறகு திரும்பி வரும். பறவை கீச்சிடுவது போன்ற மெல்லிய குரலில் குட்டிகளைக் கூப்பிட்டபடி அந்த இடத்தையே சுற்றிச் சுற்றி வரும்.

பசிக்குக் கொல்வது நமக்குப் புரிகிறது. புலி மானை அடிக்கும்போது மனம் கலங்கினாலும், அதுவும் சாப்பிட வேண்டாமா என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறோம். இந்தக் கொலைக்கு அந்தச் சமாதானம் பொருந்தாது. கொல்லும் விலங்கு, கொல்லப்படும் விலங்கு என்று காட்டை இரண்டு கட்சியாகப் பிரித்துப் பேசியே பழகிவிட்டதால், கொல்லும் கட்சிக்குள்ளேயே நடக்கும் அடிதடி நம் கண்ணில் படுவதில்லை. ஒரு சிறுத்தை எங்கே படுக்கிறது, எந்நேரம் வேட்டைக்குக் கிளம்புகிறது, எதைத் தின்கிறது, மிச்சத்தை எங்கே ஒளித்து வைக்கிறது? இதையெல்லாம் முடிவு செய்வதில் மானுக்கு எவ்வளவு பங்கு உண்டோ, பக்கத்தில் திரியும் புலிக்கும் அவ்வளவு பங்கு உண்டு. இதைக் கணக்கில் எடுக்காமல் ஒரு காட்டைக் காப்பாற்ற முடியாது என்றே நினைக்கிறேன்.

மேலே போகும் முன் பெயர்க் குழப்பம் ஒன்றைத் தீர்த்துவிடலாம். சிறுத்தை வேறு, சிவிங்கிப்புலி வேறு. மரம் ஏறும், பூப்பூவாக வளையப் புள்ளிகள் கொண்ட, கட்டுமஸ்தான உடம்புக்காரர் சிறுத்தை. கண்ணிலிருந்து வாய்வரை கறுப்புக் கோடு ஓடும், ஒல்லியான, நீண்ட கால்களுடைய ஓட்டக்காரர் சிவிங்கிப்புலி. செய்திகளில் இரண்டையும் 'சிறுத்தை' என்றே எழுதிவிடுகிறார்கள். கழுதைப்புலிக்குப் பெயரில் மட்டும்தான் புலி இருக்கிறது. அது தனிக் குடும்பம்.

பங்கு கேட்பவரே பகை

தமிழில் 'பங்காளி' என்று ஒரு நல்ல சொல் இருக்கிறது. சொத்தில் பங்குள்ளவர் என்று பொருள். சண்டை என்று வந்தால் முதலில் நினைவுக்கு வருபவரும் அவர்தான். ஒரே காட்டில் வாழும் வேட்டை விலங்குகளின் உறவை இதைவிடச் சரியாகச் சொல்லும் சொல் எனக்குத் தெரியவில்லை. அவற்றுக்கிடையே முன்விரோதம் எதுவும் கிடையாது. இருவரும் ஒரே மானை நம்பி வாழ்கிறார்கள், அவ்வளவுதான். இன்றைக்குக் குட்டியாகக் கிடப்பது நாளைக்கு வளர்ந்து அதே மானைத் துரத்தும். கொன்றுவிட்டால் பங்குக்கு ஆள் குறையும். கணக்குப் போட்டுத்தான் சிங்கம் இதைச் செய்கிறது என்று சொல்லவில்லை. இப்படி நடந்துகொண்ட சிங்கங்களின் வம்சம் தழைத்ததால் அந்தக் குணம் நிலைத்துவிட்டது.

இது எங்கோ அபூர்வமாக நடக்கும் விஷயமும் அல்ல. பிரான்சிஸ்கோ பலோமாரஸ், டிம் காரோ என்ற இரு ஆய்வாளர்கள், பாலூட்டி வேட்டை விலங்குகளில் ஓர் இனம் இன்னோர் இனத்தைக் கொல்வது பற்றிய பதிவுகளைத் திரட்டி 1999-இல் வெளியிட்டார்கள். கொல்லும் இனம், சாகும் இனம் என 97 ஜோடிகளில் இது நடப்பது பதிவாகியிருந்தது. சில இனங்களில் காரணம் தெரிந்த சாவுகளில் 68 சதவீதம் வரை இப்படி நடந்தவை. அதாவது, அந்த விலங்குகள் பசியாலோ நோயாலோ செத்ததைவிடப் பங்காளி கையால் செத்ததே அதிகம்.

யார் யாரைக் கொல்வார் என்பதிலும் ஓர் ஒழுங்கு உண்டு. உடல் எடை மிக நெருங்கி இருந்தால் அடித்துக்கொள்வதில் இருவருக்கும் ஆபத்து. உறுமலோடு பெரும்பாலும் முடிந்துவிடும். வித்தியாசம் மிகப் பெரிதாக இருந்தால் இரண்டும் வேறு வேறு இரையைத் தின்னும். பெரியது சின்னதைச் சட்டை செய்யாது. ஆபத்து நடுவில்தான் இருக்கிறது. பெரியது சின்னதைப் போல் சுமார் இரண்டு மடங்கிலிருந்து ஐந்து மடங்கு எடை இருக்கும் இடத்தில்தான் கொலை அதிகம் என்று 2006-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. புலிக்கும் சிறுத்தைக்கும், சிங்கத்துக்கும் கழுதைப்புலிக்கும், ஓநாய்க்கும் அதன் சிறிய அமெரிக்க உறவான கயோட்டிக்கும் இருக்கும் வித்தியாசம் ஏறக்குறைய இந்த அளவுதான்.

அடித்தது ஒருவர், தின்பது இன்னொருவர்

கொலையைவிட அடிக்கடி நடப்பது பறிப்பு. இதில் நெடுங்காலமாக ஒரு தவறான தீர்ப்பு நிலவியது. விடியற்காலையில் சிங்கங்கள் வரிக்குதிரையைத் தின்றுகொண்டிருக்கும், சுற்றிலும் கழுதைப்புலிகள் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு காத்திருக்கும். பார்த்தவர்கள் எல்லாரும், சிங்கம் உழைத்துச் சாப்பிடுகிறது, கழுதைப்புலி எச்சிலுக்கு அலைகிறது என்று எழுதினார்கள். 1960-களில் தான்சானியாவின் இங்கோரோங்கோரோவில் ஹான்ஸ் குரூக் என்ற டச்சு ஆய்வாளர் நிலா வெளிச்சத்தில் இரவு முழுவதும் கழுதைப்புலிகளின் பின்னாலேயே போனார். அப்போதுதான் விஷயம் தலைகீழாகத் தெரிந்தது. இருட்டில் வேட்டையாடியது கழுதைப்புலிகள்தான். அவை போட்ட கூச்சலைக் கேட்டு வந்து விரட்டிவிட்டு உட்கார்ந்தவை சிங்கங்கள். விடியற்காலையில் வந்த மனிதர்கள் பார்த்தது, நடந்து முடிந்த ஒரு பறிப்பின் கடைசிக் காட்சி. சொந்த வேட்டையைப் பறிகொடுத்துவிட்டு மிச்சமாவது கிடைக்காதா என்று நின்ற விலங்கை நாம் தலைமுறை தலைமுறையாகத் திருடன் என்று திட்டியிருக்கிறோம். எல்லா இடத்திலும் இதே கதை என்று சொல்ல முடியாது. சிங்கம் குறைவாகவும் கழுதைப்புலிக் கூட்டம் பெரிதாகவும் இருக்கும் இடத்தில், முக்கியமாக ஆண்சிங்கம் அருகில் இல்லாதபோது, கழுதைப்புலிகள் சிங்கத்தையே விரட்டிவிடும். தலை எண்ணிக்கைதான் அங்கே நீதிபதி.

சிவிங்கிப்புலியின் சாப்பாட்டைக் கவனித்தால் இந்தப் பயம் எப்படி இருக்கும் என்று தெரியும். துரத்திப் பிடித்து, கழுத்தை நெரித்து, இரை அடங்கிய பிறகும் அது உடனே தின்னாது. மூச்சு வாங்கும். வயிறு ஏறி இறங்கும். அந்த நேரத்திலும் தலை மட்டும் நாலு பக்கமும் திரும்பிக்கொண்டே இருக்கும். அப்புறம் அவசர அவசரமாகத் தின்னும். நாலு வாய் தின்பதும் நிமிர்ந்து பார்ப்பதும், மறுபடி நாலு வாயும்தான் அதன் விருந்து. வானத்தில் கழுகுகள் வட்டமிட ஆரம்பித்தால் இன்னும் வேகம் கூடும். கழுகைப் பார்த்துத்தான் கழுதைப்புலி வரும் என்பது அதற்குத் தெரியும். ஒரே ஒரு கழுதைப்புலி வந்தாலும் சிவிங்கி சண்டைக்கு நிற்காது, எழுந்து போய்விடும். கோழைத்தனம் என்று நினைக்க வேண்டாம். ஒரு காலில் காயம் பட்டால் ஓட முடியாது. ஓட முடியாத சிவிங்கிக்கு அடுத்த வேளைச் சாப்பாடு கிடையாது.

ஆப்பிரிக்கக் காட்டுநாய்க்கு இந்தப் பறிப்பு எவ்வளவு பெரிய அடி என்பதில் ஆய்வாளர்களுக்குள்ளேயே ஒரு விவாதம் நடந்தது. 1998-இல் வெளியான கணக்கு ஒன்று கவலைப்பட வைத்தது. காட்டுநாய்கள் நாளுக்குச் சுமார் மூன்றரை மணி நேரம் வேட்டையாடுகின்றன. ஓட்டத்தில் எக்கச்சக்கமாகச் சக்தி செலவாகிறது. உணவில் கால் பங்கைக் கழுதைப்புலிகள் பறித்துவிட்டால், ஈடுகட்ட 12 மணி நேரம் வேட்டையாட வேண்டியிருக்கும் என்றது அந்தக் கணக்கு. எந்த உடம்பு தாங்கும்? 2016-இல் போட்ஸ்வானாவில் கழுத்துப் பட்டைக் கருவிகள் பொருத்திப் பார்த்தவர்கள் வேறு மாதிரி சொன்னார்கள். புதர்க்காட்டில் நாய்கள் நெடுந்தூரம் துரத்துவதில்லை, குட்டிக் குட்டி ஓட்டமாகப் பல முறை முயல்கின்றன, செலவு குறைவு, ஒன்றிரண்டு பறிபோனாலும் தாக்குப்பிடிக்கும் என்றார்கள். இரண்டும் சரியாக இருக்கலாம் என்றே எனக்குத் தோன்றுகிறது. திறந்த சமவெளியில் ஒரு வேட்டை முடிந்தால் ஊருக்கே தெரியும். புதருக்குள் அது நாலு பேருக்குத்தான் தெரியும். நிலம் மாறினால் கணக்கும் மாறும்.

ஒருவர் தொலைந்தார், ஒருவர் நின்றார்

தான்சானியாவின் செரங்கெட்டியில் 1966-க்கும் 1998-க்கும் இடையில் சிங்கங்களின் எண்ணிக்கை கிட்டத்தட்ட மூன்று மடங்கானது. அந்தக் காலத்தில் காட்டுநாய்களுக்கும் சிவிங்கிப்புலிகளுக்கும் என்ன ஆனது?

காட்டுநாய்கள் குறைந்துகொண்டே வந்து 1990-களின் தொடக்கத்தில் அந்தச் சமவெளியிலிருந்தே மறைந்துவிட்டன. நோயும் அதற்கு ஒரு காரணம். ஆனால் சிங்கம் அதிகமுள்ள பகுதிகளை அவை முழுக்க முழுக்கக் கைவிட்டது தெளிவாகப் பதிவாகியிருக்கிறது. சிங்கம் நிறைந்த இடமென்றால் இரையும் நிறைந்த இடம்தான். அதைக் கைவிட்டால் மிஞ்சுவது வறண்ட ஓரங்கள்.

சிவிங்கிகளின் எண்ணிக்கையோ ஏறக்குறைய அப்படியே நின்றது. இத்தனைக்கும் குட்டிச் சாவு பயங்கரமாக இருந்தது. செரங்கெட்டி சமவெளியில் நடந்த ஓர் ஆய்வில், நூறு குட்டி பிறந்தால் ஐந்துகூடத் தாயைப் பிரியும் வயதுவரை தேறவில்லை. பெரும்பாலானவற்றைக் கொன்றவை சிங்கங்கள். அப்படியிருந்தும் எப்படித் தாக்குப்பிடித்தன? சிவிங்கி முழுப் பகுதியைக் காலி செய்வதில்லை. சிங்கம் இந்த மேட்டில் இருக்கிறதா, சரி, இன்றைக்கு அந்தப் பள்ளம் என்று மணிக்கு மணி விலகி விலகி வாழ்கிறது. ஆய்வாளர் சாரா டுரான்ட் ஒலிபெருக்கியில் சிங்கத்தின் குரலைப் போட்டபோது சிவிங்கிகள் எழுந்து விலகிப் போயின. கழுதைப்புலியின் குரலுக்கும் அப்படியே. மான்கூட்டம் குறைவான, அதனாலேயே சிங்கமும் குறைவான இடுக்குகளைத் தேடிப் பிழைக்கின்றன. தென்னாப்பிரிக்காவுக்கும் போட்ஸ்வானாவுக்கும் பொதுவான வறண்ட கலகாடிப் பகுதியில் எடுத்த கணக்கில் சிவிங்கிக் குட்டிகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் பிழைத்தன. ஆகவே, செரங்கெட்டிச் சமவெளியின் எண்ணை எல்லா இடத்துக்கும் பொதுவாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஒதுங்கிப்போக இடம் இருந்தால் எளியவர் பிழைப்பார் என்பதுதான் இந்த இரண்டு கதைகளிலிருந்தும் எனக்குத் தெரிவது. சாப்பாடு மட்டும் போதாது, வலியவரின் கண்ணில் படாமல் சாப்பிட ஒரு மறைவும் வேண்டும்.

ஓர் உறையில் மூன்று கத்தி

ஓர் உறையில் இரண்டு கத்தி இருக்காது என்பார்கள். கர்நாடகத்தின் நாகரஹொளே காட்டில் மூன்று இருக்கின்றன. புலி, சிறுத்தை, செந்நாய்.

ஆய்வாளர்கள் உல்லாஸ் கரந்த்தும் மெல் சன்குவிஸ்ட்டும் அங்கே விலங்குகளின் மலக் கழிவுகளையும், அடித்துப் போட்ட இரைகளையும் வைத்து யார் என்ன தின்கிறார்கள் என்று 1995-இல் கணக்கு வெளியிட்டார்கள். புலி அடித்த இரையின் சராசரி எடை சுமார் 91 கிலோ. செந்நாய்க்கு 43. சிறுத்தைக்கு 37. காட்டுமாடும் கடமானும் போன்ற பெரிய உருப்படிகள் புலிக்கு. புள்ளிமானும் குட்டிகளும் மற்ற இருவருக்கும். சிறுத்தைக்கும் செந்நாய்க்கும் இரை அளவில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் செந்நாய் பகலில் கூட்டமாக ஓடி வேட்டையாடும். சிறுத்தை தனியாக, மறைந்திருந்து, பெரும்பாலும் இருட்டில். ஒரே கடைக்கு இரண்டு பேர் வேறு வேறு நேரத்தில் போவது மாதிரி.

இதைப் பார்த்துவிட்டு இவர்கள் சமாதானமாகப் பேசிப் பிரித்துக்கொண்டார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் புலி கொன்ற சிறுத்தையின் உடல் கிடைப்பதுண்டு. செந்நாய்க் கூட்டம் சிறுத்தையை மரத்தில் ஏற்றிவிட்டுக் கீழே சுற்றி நிற்பதை எத்தனையோ பேர் படம் பிடித்திருக்கிறார்கள். தள்ளாடாமல் மெலிந்த கிளையில் உட்கார்ந்துகொண்டு, வாலைக்கூடக் கீழே தொங்கவிடாமல் இழுத்துக்கொண்டிருக்கும் அந்தச் சிறுத்தையின் முகத்தைப் பார்த்தால், காட்டின் ராஜ வாழ்க்கை என்றெல்லாம் யாருக்கும் பேசத் தோன்றாது. இந்த மூவரையும் ஒன்றாக வாழவிடுவது மான்களின் எண்ணிக்கை. நாகரஹொளேயில் எல்லா அளவிலும் இரை ஏராளமாக இருக்கிறது. அள்ள அள்ளக் குறையாத பானை இருந்தால் பங்காளிச் சண்டையும் அடங்கித்தானே இருக்கும்? மான் குறைந்த காட்டில் இதே மூவரும் இப்படி நெருங்கி வாழ்வார்கள் என்று எதிர்பார்க்க முடியாது.

சிறுத்தை இரையை மரத்தில் ஏற்றுவது பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். தன் எடைக்கு நிகரான, சில சமயம் அதைவிடக் கனமான மானைக் கழுத்தில் கவ்வி, நகங்களை மரப்பட்டையில் ஊன்றி, செங்குத்தாக மேலே இழுத்துப் போகும். தாடையும் தோளும் தாங்கும் அந்தப் பாரத்தை நினைத்துப் பாருங்கள். இது சிறுத்தையின் பிறவிக் குணம் என்றே நெடுநாள் நினைத்திருந்தேன். இலங்கைச் சிறுத்தைகளைப் பற்றிப் படித்தபோதுதான் வேறு கோணம் கிடைத்தது. இலங்கையில் புலி இல்லை, சிங்கம் இல்லை, செந்நாய் இல்லை, கழுதைப்புலியும் இல்லை. அங்கே காட்டின் உச்ச வேட்டைக்காரர் சிறுத்தைதான். அங்குள்ள சிறுத்தைகள் இரையை மரத்தில் ஏற்றுவது அபூர்வம். தரையிலேயே நிதானமாகச் சாப்பிடுகின்றன. ஆப்பிரிக்காவில் மரம் ஏற முடியாத கழுதைப்புலி கீழே காத்திருப்பதால்தான் அங்குள்ள சிறுத்தைக்கு இத்தனை பாடு. நாம் வியந்து பார்க்கும் அந்தப் பலத்துக்குப் பின்னால் இருப்பது பங்காளி பயம்.

பானை சிறுத்தால்

ஒதுங்க இடம் போய்விட்டால் என்ன நடக்கும் என்பதற்கு உத்தராகண்டின் ராஜாஜி தேசியப் பூங்காவில் ஒரு பதிவு இருக்கிறது. அங்கே சில்லா பகுதியிலிருந்து மக்கள் இடம்பெயர்ந்த பிறகு புலிகள் மீண்டு வந்தன. நல்ல செய்திதான். அதே மூன்று நான்கு ஆண்டுகளில், 100 சதுர கிலோமீட்டருக்குப் பத்துக்குச் சற்றுக் குறைவாக இருந்த சிறுத்தைகள் இரண்டு என்ற அளவுக்கு வந்துவிட்டன. இருந்த சிறுத்தைகளின் சாப்பாடும் மாறிப்போனது. மான் குறைந்து, சின்னஞ்சிறு விலங்குகளும், காட்டோரத்து ஆடுமாடுகளும் அதிகமாயின. அவற்றின் உணவில் கால்நடையின் பங்கு சுமார் 7 சதவீதத்திலிருந்து 30 சதவீதத்துக்கும் மேலே போனது.

இந்தக் கணக்கைப் படித்தபோது எனக்கு மனம் கனத்தது. காட்டின் நடுவில் புலி வந்து உட்கார்ந்ததும், சிறுத்தை ஓரத்துக்குப் போனது. ஓரத்தில் ஊர் இருக்கிறது, பட்டி இருக்கிறது. 'சிறுத்தை ஊருக்குள் புகுந்தது' என்று மறுநாள் செய்தி வரும். கூண்டு வைப்பார்கள். பிடித்துக் கொண்டுபோய் எங்கே விடுவார்கள்? சில சமயம் புலி இருக்கும் காட்டுக்குள்ளேயே. நேபாளத்தின் பர்தியா தேசியப் பூங்காவிலும் புலிகள் சிறுத்தைகளை ஓரத்துக்குத் தள்ளுவதைப் பதிவு செய்திருக்கிறார்கள். ஊருக்குள் வரும் எல்லாச் சிறுத்தைக்கும் இதுதான் காரணம் என்று சொல்ல மாட்டேன். கரும்புத் தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்த சிறுத்தைகளும் உண்டு. ஆனால் புலி பெருகிய காட்டின் ஓரத்தில் சிறுத்தைத் தொல்லை கூடினால், உள்ளே என்ன நடந்தது என்றும் கேட்டுப் பார்க்க வேண்டும். இந்தியாவில் 2022 கணக்கெடுப்பில் புலி 3,682, சிறுத்தை 13,874 என்று மதிப்பிட்டார்கள். இரண்டு அறிக்கை, இரண்டு செய்தி, இரண்டு கொண்டாட்டம். காட்டில் இரண்டும் ஒரே வரவு செலவுக் கணக்கு.

ரஷ்யாவின் தூரக்கிழக்கில் சிகோத்தே-அலின் மலைத்தொடரில் இதே கதை ஓநாயோடு நடந்தது. வேட்டையால் புலி அழிவின் விளிம்புக்குப் போன காலத்தில் ஓநாய்கள் அங்கே பெருகின. புலி மீண்டதும் ஓநாய் அரிதாகிவிட்டது.

நடுவில் இருப்பவர்கள்

இதுவரை சொன்னதைக் கேட்டு, பெரியவர்கள் கொடியவர்கள் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பெரியவரை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்பதையும் பார்க்க வேண்டும்.

அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் 1926 வாக்கில் ஓநாய்களை ஒழித்துக்கட்டினார்கள். எழுபது ஆண்டு கழித்து, 1995-லும் 1996-லும் கனடாவிலிருந்து 31 ஓநாய்களைக் கொண்டுவந்து விட்டார்கள். இடைப்பட்ட காலத்தில் கயோட்டிதான் அங்கே பெரியண்ணன். ஓநாய் வந்த சில ஆண்டுகளில் பூங்காவின் வடபகுதியில் கயோட்டிகள் சுமார் பாதியாகக் குறைந்தன. அவை அதிகமாக மாட்டிக்கொண்ட இடம் எது தெரியுமா? ஓநாய் அடித்துப் போட்ட எல்க் மானின் பக்கத்தில்தான். மிச்ச இறைச்சி கயோட்டிக்குப் பெரிய வரம். ஆசையோடு வரும், ஓநாய் திரும்பி வந்துவிடும். பந்தி போட்ட இடமே கொலைக்களம். பூமா என்ற பெரிய பூனைகள் ஓநாய்க் கூட்டத்துக்கு வழிவிட்டுப் பாறைச் சரிவுகளுக்கு ஒதுங்கின. ஓநாய்களும் நிம்மதியாகத் தின்னவில்லை, கிரிஸ்லி கரடி வந்தால் எழுந்துதான் ஆக வேண்டும். அருகிலுள்ள கிராண்ட் டீட்டன் பகுதியில், ஓநாய் நடமாடும் இடங்களில் கிளைக்கொம்பு மான்களின் குட்டிகள் அதிகம் பிழைத்தன. அந்தக் குட்டிகளைத் தேடித் தேடித் தின்றது கயோட்டி. ஓநாய்க்கு அந்தக் கையளவு குட்டிமேல் நாட்டமில்லை.

ஸ்பெயினின் எக்ஸ்ட்ரமதுராவில் ஐபீரிய லின்க்ஸ் பூனைகளைத் திரும்பக் கொண்டுவந்து விட்டபோது இது இன்னும் துலக்கமாகத் தெரிந்தது. லின்க்ஸ் முயல் தின்னும் விலங்கு. அது வந்தால் முயல் குறையும் என்றுதான் வேட்டைக்காரர்கள் பயந்தார்கள். நடந்தது வேறு. முயலைத் தின்றுவந்த நரியும் கீரியும் சுமார் 80 சதவீதம் குறைந்தன. எல்லா வேட்டை விலங்குகளுமாகச் சேர்ந்து தின்ற முயல்களின் அளவு பாதிக்கும் கீழே போனது. ஒரு பெரிய வாய் வந்து பல சின்ன வாய்களை மூடிவிட்டது.

கடித்துக் கொல்ல வேண்டும் என்றுகூட இல்லை, பயமே போதும். கனடாவின் மேற்குக் கரையோரத் தீவுகளில் ஓநாய், பூமா, கரடி எல்லாம் ஒழிந்த பிறகு ரக்கூன் என்ற சிறு விலங்குகள் பகலிலும் கடற்கரையில் இறங்கி நண்டும் மீனும் தின்று தீர்த்தன. ஆய்வாளர்கள் ஒரு மாதம் நாய் குரைக்கும் ஒலியை மட்டும் ஒலிபெருக்கியில் விட்டுப் பார்த்தார்கள். ரக்கூன்கள் கரையில் இரை தேடும் நேரம் 66 சதவீதம் குறைந்தது. நண்டும் மீனும் பெருகின. நாய் வரவே இல்லை, குரல் மட்டும்தான் வந்தது.

இந்தப் பயம் எளியவரை எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பதை வாஷிங்டன் மாநிலத்தில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வு காட்டியது. ஓநாயும் பூமாவும் இருக்கும் பகுதியில் கயோட்டியும் பாப்கேட் பூனையும் மனித நடமாட்டம் உள்ள பக்கமாக ஒதுங்கின. பெரிய விலங்கு மனிதரைக் கண்டு விலகும், அதனால் மனிதர் பக்கம் பாதுகாப்பு என்பது அவற்றின் கணக்கு. கணக்கு தப்பிப்போனது. பெரிய விலங்குகள் கொன்றதைப் போல் மூன்று மடங்குக்கும் மேல் மனிதர்கள் அவற்றைக் கொன்றார்கள். ராஜாஜியில் ஓரத்துக்குப் போன சிறுத்தையின் நினைவுதான் எனக்கு வந்தது.

கடலுக்குள்ளும் நிலைமை இதேதான். தென்னாப்பிரிக்காவின் கான்ஸ்பாய் கரையில் 2017 முதல் பெரிய வெள்ளைச் சுறாக்களின் உடல்கள் ஒதுங்கத் தொடங்கின. கல்லீரலைக் காணோம், மற்ற பாகங்கள் பெரும்பாலும் அப்படியே இருந்தன. கொலைகாரத் திமிங்கிலம் எனப்படும் ஓர்க்காக்கள் இரண்டின் வேலை அது. கடலின் பேய் என்று பெயரெடுத்த சுறாக்கள் அந்தக் கரையைவிட்டு மாதக்கணக்கில் காணாமல் போயின. கலிபோர்னியாவின் ஃபாரலான் தீவுகளில், ஓர்க்கா ஒரு மணி நேரம் தலைகாட்டிவிட்டுப் போனாலும், அங்குள்ள சுறாக்கள் அந்தப் பருவம் முடியும்வரை திரும்பி வருவதில்லை. சுறாவுக்கு இரையாகும் யானைச் சீல்களுக்கு அந்த ஆண்டு கொண்டாட்டம்.

வேலிக்குள் வந்த விருந்தாளி

இந்தியாவில் 1952-இல் அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்ட சிவிங்கிப்புலியைத் திரும்பக் கொண்டுவரும் முயற்சியாக, 2022 செப்டம்பர் 17 அன்று நமீபியாவிலிருந்து எட்டு விலங்குகள் மத்தியப் பிரதேசத்தின் குனோவுக்கு வந்தன. குனோ சிறுத்தைகள் நிறைந்த காடு. விருந்தாளிகள் வருவதற்கு முன், அவற்றுக்காகப் போட்ட பெரிய வேலிக்குள் ஏற்கெனவே இருந்த சிறுத்தைகளை வெளியேற்ற வேண்டியிருந்தது. அதற்கு யானைகளைக் கொண்டுவந்தார்கள். வேலி போட்டும் பங்காளி உள்ளே இருந்தார் என்றால், வேலி இல்லாத இடத்தில் எப்படி இருக்கும்?

வெளியே விட்ட பிறகு சில சிவிங்கிகள் பூங்காவின் எல்லையைத் தாண்டி வயல்வெளிகளுக்குப் போயின. மயக்க ஊசி போட்டுத் திரும்பத் தூக்கி வந்தார்கள். 'வழிதவறிய சிவிங்கி' என்று செய்தி வந்தது. குனோ பூங்காவின் பரப்பு சுமார் 748 சதுர கிலோமீட்டர். செரங்கெட்டி பூங்கா 14,763. அங்கே சிவிங்கியை யாரும் வழிதவறியது என்று சொல்வதில்லை, நாள் முழுக்க அது அப்படித்தான் நடந்துகொண்டிருக்கிறது. குட்டி போட்ட தாய்கூட ஒரே புதரில் தங்காது. சில நாளுக்கு ஒருமுறை, வாடை சேரும் முன்னால், குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டுபோய் வேறொரு மறைவில் வைக்கும். எல்லாவற்றையும் கொண்டு சேர்த்த பிறகு மேட்டில் ஏறி உட்கார்ந்து, காற்று வரும் திசையையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருக்கும்.